ஏரிக்காகக் கட்டிய படகைக் கடலுக்கு வாங்குவதா?

பட்டர்வொர்த்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், பெயர் வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு அனுப்பியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருக்கு வயது நாற்பத்தாறு. மனைவி, பதினாறு வயது மகன், பத்து வயது மகள், எழுபதைக் கடந்த தாயார் ஆகியோர் கொண்ட குடும்பம். 2017-ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின்போது புத்ராஜெயாவில் நீர்ச்சறுக்குப் பந்தயத்தைப் பார்த்ததிலிருந்து மகனுக்கு அதன்மேல் தீராத ஆசை. இப்போது இரண்டு பலகைகளில் நின்று போகும் அளவுக்குக் கற்றும் விட்டான். அவனுடைய பயிற்சிக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கடலில் சுற்றி வரவும் ஒரே படகாக வாங்கிவிட வேண்டும் என்பது வாசகரின் எண்ணம்.

அவர்முன் இரண்டு படகுகள் இருக்கின்றன. முதலாவது, அமெரிக்காவில் 2006-இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இருபது அடிப் பந்தயப் படகு. இயந்திரம் படகின் நடுவில் இருக்கும் இன்போர்ட் வகை. மைத்துனரின் நண்பர் அதனை 68,000 ரிங்கிட்டுக்குத் தர முன்வந்திருக்கிறார். மீட்டரில் 280 மணி நேரமே காட்டுகிறது. சில ஆண்டுகள் லங்காவியில் இருந்த படகு. உரிமம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. தாம் அதன் இயக்குநராக இருந்தவர் என்றும், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் அந்த நண்பர் சொல்கிறார். இரண்டு வாரத்திற்குள் 8,000 ரிங்கிட் முன்பணம் கொடுத்து, படகை ‘உள்ளது உள்ளபடியே’ ஏற்பதாக ஒரு பக்கத் தாளில் கையெழுத்திட வேண்டுமாம். இரண்டாவது, படகு வியாபாரி ஒருவரிடம் உள்ள பத்தொன்பது அடிப் படகு; 2014-இல் கட்டப்பட்டது, முன்புறம் திறந்த இருக்கைகள், படகின் பின்புறத்தில் வெளியே மாட்டிய 115 குதிரைத்திறன் அவுட்போர்ட் எஞ்சின், 700 மணி நேர ஓட்டம், விலை 82,000 ரிங்கிட். வாசகரின் மனம் முதல் படகின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஏதேனும் கோளாறு தெரியவந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லவா என்று கேட்கிறார். படகின் நிலையைச் சோதிக்கும் பரிசோதகரை அழைத்துச் சென்றால் மைத்துனர் மனம் வருந்துவாரே என்பது அவருடைய இன்னொரு தயக்கம்.

அன்புள்ள வாசகருக்கு,

விவரங்களை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. எனக்குத் தொழில் வழக்கறிஞர் வேலை. படகைப் பற்றி நான் இங்கே சொல்பவை, படகு விற்பனைத் தகராறுகளில் பரிசோதகர்கள் அளித்த அறிக்கைகளைப் படித்தும், அவர்களைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டும் அறிந்துகொண்டவை. நீங்கள் உரிமைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால், நீங்கள் விரும்பும் படகு நீங்கள் விரும்பும் வேலைக்கு உரியதுதானா என்பதைப் பார்க்க வேண்டும். உங்கள் நோக்கத்திற்குப் பொருந்தாத, ஆனால் பழுதில்லாத ஒரு படகை ஒரு தனிநபரிடம் நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கினால், அதற்கு எந்த நீதிமன்றத்திலும் பரிகாரம் கிடைக்காது.

எந்த நீரில் ஓட்டப் போகிறீர்கள்?

நடுவில் எஞ்சின் வைத்த பந்தயப் படகுகள் ஏரிக்காகக் கட்டப்படுபவை. சறுக்குபவருக்குப் பின்னலை, அதாவது படகு தனக்குப் பின்னால் எழுப்பும் அலை, தாழ்வாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும் என்பதற்காக அவற்றின் அடிப்பகுதி தட்டையாகவும், பக்கச் சுவர்கள் தாழ்வாகவும் அமைகின்றன. கயிறு கட்டும் கம்பம் படகின் நடுவே நிற்பதால், சறுக்குபவர் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் படகு நேர்கோட்டை விட்டு அதிகம் விலகாது. ஒற்றைப் பலகையில் மிதவைகளைச் சுற்றிச் செல்லும் ஸ்லாலம் பந்தயத்தில் ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. அந்த வேகத்தில் படகு அசையாமல் ஓடுவதற்கு இந்த வடிவம் வேண்டும். புத்ராஜெயா ஏரியில் உங்கள் மகன் கண்டது இந்த வடிவத்தின் பெருமையைத்தான்.

பினாங்குக் கடல் வேறு. விடியற்காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் நீர், பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் சிற்றலைகளாக உடைந்துவிடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் சுமத்திராப் பக்கமிருந்து வரும் திடீர்ப் புயற்காற்று, பெரும்பாலும் பின்னிரவிலோ காலையிலோதான் மலாக்கா நீரிணையைக் கடக்கிறது. அதாவது, நீங்கள் சறுக்கத் தேர்ந்தெடுக்கும் அதே அமைதியான நேரத்தில். தாழ்ந்த பக்கச் சுவர் கொண்ட தட்டைப் படகில் உங்கள் தாயாரையும் பத்து வயது மகளையும் ஏற்றிக்கொண்டு, சரக்குக் கப்பல்களும் ஃபெர்ரியும் எழுப்பும் அலைகளைக் கடப்பது, சிரமம் என்பதைத் தாண்டி ஆபத்தாகவே முடியக்கூடும்.

ஆழமும் ஒரு சிக்கல். இன்போர்ட் படகின் புரொப்பெல்லரும் சுக்கானும் அடிப்பகுதிக்குக் கீழே நிலையாகப் பொருத்தப்பட்டவை. அவற்றை மேலே தூக்க முடியாது. வற்றும் நேரத்தில் கர்னி கடற்கரையில் எவ்வளவு தூரம் சேறு வெளியே தெரிகிறது என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போதாததற்கு மீனவர் வலைகளும், ஜெரெஜாக் தீவுப் பக்கத்து மீன் வளர்ப்புக் கூண்டுகளின் கயிறுகளும் இருக்கின்றன. வலை சுற்றிக்கொண்டால், அவுட்போர்ட் எஞ்சினைச் சாய்த்து உள்ளே இருந்தபடியே அறுத்துவிடலாம்; இன்போர்ட் என்றால் யாராவது நீரில் இறங்கிப் படகுக்கு அடியில் மூழ்க வேண்டும். பினாங்கில் ஆபத்தான பெட்டி ஜெல்லி மீன்கள் தென்படுவதை நினைத்தால், அந்த ‘யாராவது’ உங்கள் மகனாக இருப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். மெங்குவாங் அணைக்குக் கொண்டு போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் தெலுக் பாஹாங் அணையும் குடிநீர்த் தேக்கங்கள். அங்கே வேகப்படகை இறக்கும் கணக்கில் படகு வாங்க வேண்டாம்.

இரண்டாவது படகின் பின்னலை உயரமாக இருக்கும் என்ற உங்கள் மகனின் குறை உண்மைதான். போட்டிக்குத் தயாராகும் ஒருவருக்கு அது பெரிய குறை. இரண்டு பலகையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் அளவில் போகிறவருக்கு, ஒற்றைப் பலகைக்கு மாறும் காலத்திலும்கூட, அது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை. 115 குதிரைத்திறன் போதுமா என்பதை எத்தனை பேர் படகில் இருக்கிறார்கள் என்பதுதான் முடிவு செய்யும். ஓட்டுபவரும் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பவரும் மட்டும் இருந்தால், நீரில் கிடக்கும் இளைஞரை இழுத்து எழுப்ப அது தாராளமாகப் போதும். ஐந்து பேர் அமர்ந்திருக்கும்போது திணறும். சறுக்கும் நேரத்தில் பாட்டி கரையில் இருக்கட்டும். அமெரிக்காவில் கட்டப்பட்ட இருபது அடிக்குக் குறைந்த படகுகளில், எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் என்று குறிப்பிடும் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். வியாபாரியின் படகு அங்கே கட்டப்பட்டதென்றால், அவர் சொல்வதை விட்டுவிட்டு அந்தத் தகட்டைப் படியுங்கள்.

280 மணி நேரம் என்பதன் பொருள்

மீட்டரில் 280 என்று இருப்பதால் படகு ‘ஏறக்குறையப் புதியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 280 மணி நேரம் என்றால், ஆண்டுக்குப் பதினான்கு மணி நேரம். அந்தப் படகு பெரும்பாலான காலம் சும்மா கிடந்திருக்கிறது என்பதே அதன் பொருள். உப்புக் காற்றில் சும்மா கிடக்கும் எஞ்சின், முறையாக ஓடிக் கழுவப்படும் எஞ்சினைவிட விரைவாகக் கெடும். ஏரிக்கென்று கட்டப்பட்ட இன்போர்ட் எஞ்சின்கள் பலவற்றில் குளிர்விக்கும் நீர் வெளியிலிருந்து உறிஞ்சப்பட்டு நேராக எஞ்சின் உடலுக்குள் ஓடுகிறது. நன்னீரில் அதனால் கேடில்லை. கடலில் ஓட்டினால், புகை வெளியேறும் இரும்புக் குழாய்களும் அவற்றின் வளைவுகளும் உள்ளிருந்து அரிக்கப்பட்டு, ஒருநாள் உப்புநீர் சிலிண்டருக்குள் இறங்கும். விற்பவர் ‘புகைக்குழாய் மாற்றியாகிவிட்டது’ என்று வாய்மொழியாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி என்னைச் சற்று நிமிர வைத்தது. எப்போது, யார் மாற்றியது, ரசீது எங்கே, அதற்கு முன் உள்ளே நீர் இறங்கியிருந்ததா என்று கேட்க வேண்டும்.

நீங்கள் பார்க்கப் போனபோது எஞ்சின் முன்பே ஓடிச் சூடாக இருந்தது என்பதும் நல்ல அறிகுறி அன்று. குளிர்ந்த எஞ்சின் தயங்கிக் கிளம்புகிறதா, முதல் புகை என்ன நிறம் என்பவை சூடான எஞ்சினில் தெரியமாட்டா. அடுத்த முறை, தொடாமல் வைத்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பரிசோதகர் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பத்து, பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணம் தேட வேண்டும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. எஞ்சினில் கணினிப் பெட்டி இருந்தால், உண்மையான ஓட்ட நேரத்தை அதிலிருந்தே பெரும்பாலும் படித்துவிடலாம். முகப்பில் இருக்கும் மீட்டரை மாற்றுவது எளிது.

எஞ்சினைவிடவும் நான் அஞ்சுவது மரத்தைப் பற்றித்தான். வெளியே கண்ணாடியிழை பளபளத்தாலும், பல படகுகளின் பின்பலகையிலும் தரையின் அடியில் ஓடும் நீள விட்டங்களிலும் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கிறது. திருகு போட்ட துளை ஒன்றின் வழியே நீர் புகுந்தால் அது ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி அழுகும். சிறு சுத்தியலால் தட்டினால், நல்ல பகுதி கணீரென்றும் அழுகிய பகுதி மந்தமாகவும் ஒலிக்கும், ஈரமானியும் உண்டு. எஞ்சினை மாற்றிவிடலாம். விட்டம் அழுகிய படகுக்குத் தரையைப் பிரித்தெடுக்க வேண்டும், அந்தச் செலவு படகின் விலையையே தொட்டுவிடும். இந்தச் சோதனை இரண்டாவது படகுக்கும் வேண்டும். அவுட்போர்ட் எஞ்சினின் முழு எடையும் அந்தப் பின்பலகையில்தான் தொங்குகிறது. அங்கே 700 மணி நேரம் என்பது, பராமரிப்பு ரசீதுகள் ஒழுங்காக இருக்குமானால், என்னைப் பயமுறுத்தாது.

கட்டிய ஆண்டையும் நீங்களே சரிபார்க்கலாம். பின்பலகையின் வலப்புறத்தில் பன்னிரண்டு எழுத்துகளும் எண்களுமாக ஓர் அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கப் படகுகளில் அதன் கடைசி நான்கு இடங்கள் காலத்தைக் குறிக்கும்: ‘எஃப் 506’ என்றிருந்தால், 2005 ஜூனில் கட்டப்பட்ட, 2006-ஆம் ஆண்டு மாதிரி. எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இந்தப் பகுதி. உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. விற்பவரோ அதன் இயக்குநராக ‘இருந்தவர்’. நிறுவனத்தின் சொத்து இயக்குநரின் சொத்து ஆகாது, இயக்குநராக இருந்தவரின் சொத்தாக அறவே ஆகாது. உரிமையில்லாதவரிடம் பொருள் வாங்குபவருக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவரிடம் இருந்ததைவிட மேலான உரிமை கிடைக்காது என்பது 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. அந்த நிறுவனத்தின்மீது கலைப்பு மனு தாக்கல் செய்யப்பட்டிருந்தால், அதன் பிறகு நடந்த சொத்து மாற்றம், நீதிமன்றம் அனுமதித்தாலன்றிச் செல்லாது. கலைப்பதிகாரி வந்து படகைக் கேட்பார். எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தில் சிறு கட்டணம் கட்டினால், நிறுவனம் உயிரோடு இருக்கிறதா, இன்றைய இயக்குநர்கள் யார், கடனுக்கு ஈடு பதிவாகியிருக்கிறதா என்பவை தெரியும். நிறுவனம் இருக்கிறதென்றால், அதன் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலோடு நிறுவனமே உங்களுக்கு விற்க வேண்டும். பணமும் நிறுவனத்தின் வங்கிக் கணக்கிற்கே போக வேண்டும்.

லங்காவி விவகாரத்தையும் லேசாக விட்டுவிட முடியாது. 1987 முதல் அது வரியில்லாத் தீவு. வரி கட்டாமல் அங்கே இறக்கிய பொருளைப் பினாங்குக்குக் கொண்டுவரும்போது சுங்கத்துறையிடம் அறிவித்து, உரிய வரியைச் செலுத்தியாக வேண்டும். செலுத்தாத பொருளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம், அப்போது அது யார் கையில் இருக்கிறது என்பது உங்களைக் காப்பாற்றாது. சுங்கப் பத்திரத்தின் மூலப்பிரதியைக் கேளுங்கள். பெயர் மாற்றத்தைப் ‘பிறகு’ பார்க்கவும் இடமில்லை: கடல்துறை இலாகாவின் பினாங்கு அலுவலகத்தில் படகின் உரிமம், அதன் பெயர் மாற்றம், ஓட்டுபவரிடம் எதிர்பார்க்கப்படும் தகுதி ஆகிய மூன்றையும் நேரில் கேட்டறிந்த பிறகே முன்பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

நடுவர் மன்றம் எதுவரை உதவும்?

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வணிகமாகப் பொருள் வழங்குபவருக்கும் பயனீட்டாளருக்கும் இடையிலான உறவைப் பற்றியது. மைத்துனரின் நண்பர் தமது சொந்தப் படகை விற்கும் தனிநபர் என்றால், நீங்கள் நம்பியிருக்கும் நடுவர் மன்றத்தின் கதவு அவருக்கு எதிராகத் திறக்காது. பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தரும் தர உறுதியும் அத்தகைய பொருளை வழக்கமாக விற்பவரைப் பற்றியதே. அந்தச் சட்டமே பினாங்கில் செல்லாது என்று உங்கள் நண்பர் ஒருவர் சொன்னது பழைய கதை. 1990-இல் வந்த திருத்தம் அதனைப் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் நீட்டிவிட்டது. தனிநபருக்கு எதிராக உங்களுக்கு மிஞ்சுவது, விற்கும் உரிமை அவருக்கு உண்டு என்ற உறுதியும், அவர் பொய்யான தகவல் தந்து உங்களைச் சம்மதிக்க வைத்தார் என்று 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் நிரூபிக்கும் வாய்ப்பும்தான். கேட்காத கேள்விக்கு அவர் மௌனமாக இருந்தது பொதுவாக மோசடி ஆகாது. ஆகவே கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வாட்சாப்பில் கேட்டாலும் போதும், அது சாட்சியமாக ஏற்கப்படக்கூடியது.

அதே காரணத்தால், ‘உள்ளது உள்ளபடியே’ என்ற ஒரு பக்கத் தாளில் இப்போதுள்ள வடிவில் கையெழுத்திட வேண்டாம். ஒப்பந்தம் எழுத்தில் வந்துவிட்டால், அதற்கு முரணான வாய்மொழி வாக்குறுதிகளைப் பின்னர் நீதிமன்றத்தில் நிறுவுவது மிகக் கடினம். புகைக்குழாய் மாற்றிய கதை அந்தத் தாளில் இல்லையென்றால், அது பெரும்பாலும் காற்றோடு போகும்.

வியாபாரியிடம் உங்கள் நிலை பலமானது. விலையையும் வயதையும் கருதி நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தரத்தை அவர் சட்டப்படி உறுதி செய்கிறார். அதை ஒரு வரி எழுதித் தட்டிக்கழிக்க முடியாது. நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை, உரிமை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் விசாரிக்கும். படகின் முழு விலையும் அதில் அடங்காது, ஆனால் பழுதுபார்ப்புச் செலவு பெரும்பாலும் அடங்கும். அங்கே என்னைப் போன்றவர்களுக்கு வேலையும் இல்லை, செலவும் உங்களுக்கு மிச்சம். ஒன்றை மட்டும் முன்னதாக எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்: அவர் சொந்தச் சரக்கை விற்கிறாரா, வேறொருவருக்காகத் தரகு வேலை பார்க்கிறாரா என்பதை. பின்னால் யார்மீது வழக்குத் தொடுப்பது என்பது அதைப் பொறுத்தது. அவரும் ‘உள்ளபடியே’ என்று ஒரு தாளை நீட்டக்கூடும். நீட்டினால் எனக்கு அனுப்புங்கள்.

முன்பணம் கொடுப்பதென்றால், எந்தப் படகுக்காயினும் சரி, அதன் நிபந்தனைகள் இவை: கரையிலும் கடலிலும் பரிசோதகர் சோதித்து நிறைவு தெரிவிக்காவிட்டால் முழுப் பணமும் ஏழு நாளில் திரும்ப வேண்டும், உரிமமும் சுங்கப் பத்திரமும் சரியாக இருக்க வேண்டும், அடையாள எண், எஞ்சின் எண், டிரெய்லர், துணைக்கருவிகள் அனைத்தும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும், மீதிப் பணம் பெயர் மாற்றத்தோடு கைமாற வேண்டும். பத்து ரிங்கிட் முத்திரை வரியையும் கட்டிவிடுங்கள். முத்திரையிடாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் தடுமாறும்.

காப்புறுதி

படகுக்குக் காப்புறுதி எடுத்துவிட்டால் மகனும் அதில் அடக்கம் என்று எண்ணியிருக்கிறீர்கள். உல்லாசப் படகுகளுக்கான வழக்கமான காப்புறுதி விதிகளில், கயிற்றில் இழுக்கப்படும் நீர்ச்சறுக்கு வீரரைப் பற்றிய பொறுப்பு தெளிவாக விலக்கப்பட்டிருக்கிறது. இழுக்கத் தயாராகும் நேரம் முதல் அவர் பத்திரமாகப் படகில் ஏறும்வரை அந்த விலக்கு நீடிக்கும். கூடுதல் கட்டணம் கட்டி அதைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மணிக்கு 17 கடல்மைலுக்கு மேற்பட்ட வேகம் கொண்ட படகுகளுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. நீங்கள் பார்க்கும் இரண்டு படகுகளும் அந்த வகையே. மகனின் நண்பர் ஒருவர் சறுக்கும்போது அடிபட்டு, ஓட்டியவரின் கவனக்குறைவு காரணம் என்றானால், இழப்பீடு உங்கள் சேமிப்பிலிருந்துதான் போகும்.

அவுட்போர்ட் படகுக்கு என்று ஓர் எச்சரிக்கை: புரொப்பெல்லர் பின்பலகைக்கு வெளியே, சறுக்குபவர் ஏறிவரும் இடத்திலேயே சுழல்கிறது. நீரில் கிடப்பவரை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். கியரை நடுநிலைக்குக் கொண்டுவருவது மட்டும் போதாது. எஞ்சின் ஓடும்போது மகள் பின்மேடையில் அமரக்கூடாது. அங்கே தேங்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு மணமில்லை.

இனி மைத்துனரைப் பற்றி. பரிசோதகரை அழைப்பது அவருடைய நண்பரைச் சந்தேகிப்பதாகும் என்று நினைத்து நீங்கள் தயங்குகிறீர்கள். பழைய படகைக் காப்பீடு செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் பரிசோதனை அறிக்கை கேட்பவைதான். ஆகவே இரண்டு படகுகளுக்கும் இப்போதே காப்புறுதி விலை கேட்டு விண்ணப்பியுங்கள்; அறிக்கை வேண்டும் என்று அவர்கள் எழுதினால், அந்தக் கடிதத்தையே மைத்துனரிடம் காட்டுங்கள். அதன்பிறகும் நண்பர் சோதனைக்கு மறுத்தால் நீங்கள் 82,000 ரிங்கிட் படகின் விலையைப் பேசத் தொடங்கலாம். பரிசோதகர் எழுதித் தரும் குறைகளின் பட்டியல் கையில் இருந்தால், அந்த விலையும் சற்று இறங்கும்.